பொருள்: சுரங்கம் மூடியபின் நிலத்துக்குச் செய்யும் வேலைக்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். நெய்வேலிப் பக்கத்து ஊர்களுக்காகச் சுரங்க மூடல் திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குழியைத் தூர்ப்பது, மண்குவியலின் சரிவைக் குறைப்பது, மேலே நல்ல மண் பரப்புவது, செடி வேர் பிடிக்கும்வரை பார்த்துக்கொள்வது என எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். இடையில் வரும் சரிவுவேலைக்கு மட்டும் இன்னொன்று. முதலாவதற்கு இப்போதைக்கு 'நில மீட்பு' என்று போட்டிருக்கிறேன்.

சுரங்கப் பொறியாளர்:
'நில மீட்பு' வேண்டவே வேண்டாம். கோயில் நில மீட்பு, பஞ்சமி நில மீட்பு என்று நாள்தோறும் படிக்கிறவர்களுக்கு அது உரிமை திரும்புவதைத்தான் சொல்லும். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தார். பட்டா திரும்பி வருகிறது என்று நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையை ஒரு சொல்லால் கிளப்பிவிடுவது பெரிய பிழை.

தமிழாசிரியர்:
'நிலந்திருத்தல்' என்போம். காட்டைத் திருத்திக் கழனியாக்குவது நம் பழைய வழக்கு. புறநானூறு 187இல் ஔவையார் நிலத்தை நாடு, காடு, அவல், மிசை என்று பிரிக்கிறார். அவல் பள்ளம், மிசை மேடு. சரிவுவேலைக்கு 'அவல்நிரவல்' பொருத்தம். நிலத்திருத்தலா நிலந்திருத்தலா என்று கேட்பீர்கள். 'நிலம்' என்பதன் ஈற்று 'ம்' கெட்டு உயிரீறு போல் (நிலத்-) வருவதையும் வல்லினத்துக்கு இனமாக (நிலந்-) திரிவதையும் நன்னூல் ஏற்கிறது. மென்மை கருதி நான் பின்னதை எடுப்பேன். 'புனரமைப்பு' மட்டும் வேண்டாம்.

சுரங்கப் பொறியாளர்:
ஐயா, 'அவல்' என்றால் ஊரில் இடித்த அரிசிதான். 'நிரவல்' நல்ல சொல், ஆனால் மட்டமாக்குவதைச் சொல்கிறது. இங்கே மட்டமாக்கினால் கெட்டது. நீர் தேங்கும், தூர்த்த மண் ஒரே அளவாய் அமுங்காததால் இரண்டு மழையில் குட்டை குட்டையாகும். வேண்டியது நீர் ஓட ஒரு சாய்வு. அதற்குக் கொத்தனார் சொல்லும் சொல் இருக்கிறது: வாட்டம். மொட்டைமாடியில் 'வாட்டம் விடு' என்கிறோமே, அதேதான்.

கொட்டிய மண் தானாக 35 பாகையளவில் நிற்கும் என்று வையுங்கள். 20 மீட்டர் உயரக் குவியலின் சரிவு தரையில் ஏறத்தாழ 28.5 மீட்டர் பிடிக்கும். அதை 3க்கு 1 ஆக (தரையில் 3 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம்), அதாவது 18 பாகையளவுக்குக் குறைத்தால் 60 மீட்டர். புல்டோசர் உச்சியைச் சுமார் 16 மீட்டர் பின்னுக்குச் சீவி, அந்த மண்ணை அடியில் 16 மீட்டர் முன்னுக்குத் தள்ள வேண்டும். அடியில் இடம் விடாமல் வடிகால் வெட்டியிருந்தால் அதுவும் புதையும். இது நிரவல் இல்லை, 'வாட்டம் திருத்தல்'.

வேளாண் ஆசிரியை:
'வாட்டம்' என்றால் என் மாணவருக்குப் பயிர் வாடுவது. ஒரே அறிக்கையில் செடியும் சரிவும் வருகிறதே, குழம்பாதா? 'சரிவு திருத்தல்' என்றே போடலாமே.

அதைவிட எனக்குக் கவலை 'மேல்மண்'. நிலக்கரிக்கு மேலே வெட்டி எடுக்கும் மணற்பாறை, களிமண் அத்தனையையும் செய்திகளில் மேல்மண் என்கிறார்கள். வேளாண் பாடத்தில் மேல்மண் என்பது உழவு படும் மேலடுக்கு மட்டும். 'மேல்மண்ணைத் தனியே சேமித்துப் பரப்புக' என்று எழுதினால் எந்த மண்ணைப் பரப்புவார்கள்? முன்னதை 'மூடுமண்', பின்னதை 'வளமண்' எனப் பிரித்துவிடுங்கள். வளமண்ணைத் தாழ்வான குவியலாக வைக்க வேண்டும்; உயரமாய்க் குவித்துப் பல ஆண்டு விட்டால் உள்ளே காற்று போகாமல் விதையும் நுண்ணுயிரும் சாகும். ஈரத்தில் லாரி ஓட்டிப் பரப்பினால் இறுகி வேர் இறங்காது. பரப்புமுன் அடிமண்ணை ஆழமாய்க் கீறிவிட வேண்டும். மேற்பரப்பை மழுமழுவென்று இழைக்காமல் கரடாகவே விட்டு, முதலில் சணப்பு, கொளுஞ்சி விதைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
மூடுமண், வளமண் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். முழுவேலைக்கு 'நிலந்திருத்தல்' என்றால் நிலச் சீர்திருத்தச் சட்டம் நினைவுக்கு வராதா?

தமிழாசிரியர்:
'சீர்' இல்லையே, எப்படிக் குழம்பும்? தொழிற்பெயரை விகுதியோடு எழுதுங்கள், போதும்.

சுரங்கப் பொறியாளர்:
'சுரங்க நிலந்திருத்தல்' என்று முன்னொட்டோடு இருந்தால் எனக்குச் சம்மதம். இன்னொன்று, குழி முழுவதும் தூர்ந்துவிடும் என்று எங்கும் எழுதாதீர்கள். முதல் வெட்டின் மூடுமண் வெளியே குவிந்திருப்பதால் கடைசியில் ஒரு பள்ளம் மிஞ்சும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீரைச் சுரங்கம் ஓடும்வரை இறைக்கிறார்கள். இறைப்பு நின்றால் நீர்மட்டம் ஏறி அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் ஒப்பியதால் 'சுரங்க நிலந்திருத்தல்' போகிறது. சரிவுவேலைக்கு வரைபடத்தில் 'வாட்டம் திருத்தல்', முதலில் வரும் இடத்தில் 'நீர் ஓடும் சரிவு' என்று விளக்கம். மிஞ்சும் பள்ளத்தை 'இறுதிக்குழி' என்கிறேன்.

வேளாண் ஆசிரியை:
அச்சுக்குப் போகட்டும். 'வாட்ட'த்துக்கு என் மறுப்பு மறுப்பாகவே இருக்கிறது. 'இறுதிக்குழி'யையும் யோசியுங்கள், சவக்குழிபோல் ஒலிக்கிறது.