டொபூரியாவின் குத்தை மகாச்சேவின் தாடை தாங்குமா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
ஞாயிறு காலை நம்மில் பலரும் ஒரே சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நியூயோர்க்கில் அது சனிக்கிழமை இரவு, 2025 நவம்பர் 15. 155 இறாத்தல் சம்பியனாக இருந்த இஸ்லாம் மகாச்சேவ் 170 இறாத்தல் எடைப்பிரிவுக்கு ஏறி, ஜாக் டெல்லா மடலேனாவை ஐந்து சுற்றுகளிலும் கட்டுப்படுத்தி, மூன்று நடுவர்களிடமும் 50-45 என்ற புள்ளிகளோடு இரண்டாவது பட்டத்தை எடுத்தார். யூஎஃப்சி என்ற கூண்டுச் சண்டைப் போட்டியில் தொடர்ச்சியாக 16 வெற்றிகள் என்ற அண்டர்சன் சில்வாவின் சாதனையையும் அன்றே சமன் செய்தார். அந்தச் சண்டை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், கல்முனைக்கடல் என்ற நம் நண்பர், 145, 155 இறாத்தல் பட்டங்களை வென்ற இலியா டொபூரியாவைப் பற்றி இங்கே எழுதியது இது: "டொபூரியாவோடு மோதினால் மகாச்சேவ் இரண்டு சுற்றுக்குள் நொக்அவுட் ஆவார். அவருடைய தாடை வலுவற்றது என்பது 2015 இலேயே தெரிந்துவிட்டது."

பத்து ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டனில் அட்ரியானோ மார்டின்ஸிடம் விழுந்த ஒரே ஒரு குத்தை வைத்துக்கொண்டு, இன்றைய மகாச்சேவை எடைபோடுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை; யூஎஃப்சியில் அது அவருக்கு இரண்டாவது சண்டை. அதன்பின் அவர் ஒருமுறையேனும் தோற்றிருக்கிறாரா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கல்முனைக்கடல் (கல்முனை, தற்போது அபுதாபி):
தோற்கவில்லை. நான் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை, தாடையைப் பற்றிப் பேசுகிறேன். முதல் சுற்றில் 1 நிமிடம் 46 விநாடி. முன்னேறி வந்த மகாச்சேவ் எதிர்த்து வந்த ஒரு குத்தை வாங்கினார், விழுந்தார், சண்டை முடிந்தது. டொபூரியாவின் தொழிலே முன்னேறி வருபவரை அப்படி வீழ்த்துவதுதான். 2024 ஒக்டோபரில் யாஸ் தீவின் எதிஹாட் அரங்கில் மக்ஸ் ஹோலோவே மூன்றாம் சுற்றில் விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். அதற்கு முன் ஹோலோவேயை எவரும் நொக்அவுட் செய்ததில்லை. அந்தக் கையின் கனம் தொலைபேசித் திரையில் தெரியாது, வாவிக்கரையான் அண்ணன்.

வாவிக்கரையான்:
நேரில் பார்த்தது உங்கள் கொடுப்பினை. அதில் எனக்குப் பொறாமையும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் அரங்கில் இருந்து பார்த்ததனால் ஒருவருடைய கணிப்புச் சரியாகிவிடாது. 170 இறாத்தல் சம்பியனாக இருந்த ஜோர்ஜ் சென் பியெர் 2007 ஏப்ரலில் இதே ஹூஸ்டன் நகரில்தான் மட் செராவிடம் முதல் சுற்றிலேயே விழுந்தார். அன்றும் உங்களைப் போன்றவர்கள் அவருடைய தாடை முடிந்துவிட்டது என்றுதான் எழுதியிருப்பார்கள். அதன்பின் அவர் ஓய்வு பெறும்வரை ஒரு சண்டையிலும் தோற்கவில்லை; அடுத்த ஆண்டே மொன்றியலில் செராவையும் வென்றார். ஒருமுறை விழுந்தவர் மறுமுறையும் விழுவார் என்ற விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மேலும், விழுந்தவர்களைத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்றால், 2022 மார்ச்சில் லண்டனில் ஜெய் ஹேர்பர்ட்டின் கால் டொபூரியாவின் தலையில் பட்டு அவரைக் கீழே இறக்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 155 இறாத்தல் பிரிவில் நடந்தது. ஹேர்பர்ட் சம்பியனும் அல்லர்.

கல்முனைக்கடல்:
விழுந்தார், எழுந்தார், இரண்டாம் சுற்றில் அதே ஹேர்பர்ட்டை நொக்அவுட் செய்தார். மகாச்சேவ் ஹூஸ்டனில் எழவில்லை. 1 நிமிடம் 46 விநாடி.

மருதமுனை நெசவு (மருதமுனை):
இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். தாடை வலுவற்றது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒருமுறை விழுந்தால் போதுமா, நினைவிழக்க வேண்டுமா, அல்லது விழுந்தும் எழுந்து போராடினால் அது வலுவுக்குச் சான்றா? இதை முதலில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் விடியும்வரை இதையேதான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆரையூரான் (ஆரையம்பதி):
சகோதரி, அடி வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. நான் கராத்தே பயின்றவன். தாடையில் சரியான இடத்தில் ஒரு குத்து விழுந்தால் தலை திரும்பும் வேகத்தில் மூளை அதிர்ந்து, கால்கள் நம் சொல்லைக் கேட்காமல் போவதை அனுபவித்தவன். வடசேரி, தென்சேரி என இரு அணியினர் மரக் கொம்புகளைக் கொளுவி இழுக்கும் நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டில் ஒருமுறை கீறல் கண்ட கொம்பை வைத்துக்கொண்டு எந்தச் சேரியாரும் மறுபடி இழுக்க இறங்குவதில்லை. தாடையும் அப்படித்தான். மகாச்சேவுக்குக் கீறல் விழுந்துவிட்டது. நான் கல்முனைக்கடல் பக்கம்.

வாவிக்கரையான்:
கொம்பு மரத்தால் செய்தது, தம்பி. மனிதனுக்குக் கழுத்துத் தசை இருக்கிறது, கண் இருக்கிறது, பத்து ஆண்டுகளில் கற்றுக்கொள்ளும் அறிவும் இருக்கிறது. ஹூஸ்டனுக்குப் பின் மகாச்சேவ் தன் தலையை நடுக்கோட்டில் வைத்துக்கொண்டு நேராக ஓடிப் போவதில்லை. காலுதையால் தூரத்தை அளந்து, எதிராளி கைநீட்டும்போது இடுப்புக்குக் கீழே இறங்குகிறார். 2024 ஜூனில் டஸ்டின் பொரியே அவரை ஐந்தாம் சுற்றுவரை குத்திப் பார்த்தார். முகம் கிழிந்தது, ஆனால் மகாச்சேவ் விழவில்லை. இறுதியில் கழுத்துப் பிடியில் சரணடைந்தவர் பொரியேதான். பொரியேயின் கை கனமற்றது என்று இங்கே ஒருவராவது எழுதட்டும், பார்க்கிறேன்.

ஆரையூரான்:
கொம்புமுறியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தென்சேரி. கண்ணகி அம்மன் கோயில் முற்றத்தில் வடம் பிடித்து இழுத்த கைகள் எங்களுடையவை. கொம்பு எப்படி முறியும் என்பதை வாவிக்கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாவிக்கரையான்:
நாங்கள் வடசேரி. வேடிக்கை பார்த்தவர்கள் யார் என்பதை ஊரில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசப்படுவது மகாச்சேவின் தாடை.

கல்முனைக்கடல்:
அதைத்தான் நானும் பேசுகிறேன். 2015 உங்களுக்குப் பழையது என்றால் 2023 பெப்ரவரிக்கு வாருங்கள். பேர்த் நகரில் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி ஐந்தாம் சுற்றில் மகாச்சேவைக் குத்தி வீழ்த்தினார். சண்டை முடியும் மணி அடித்தபோது மேலே இருந்து அடித்துக்கொண்டிருந்தவர் வோல்கனோவ்ஸ்கி. அவர் 145 இறாத்தல் பிரிவிலிருந்து ஏறி வந்தவர், டொபூரியாவைப் போலவே குள்ளமானவர். அதே வோல்கனோவ்ஸ்கியை டொபூரியா 2024 பெப்ரவரியில் அனஹைமில் இரண்டாம் சுற்றில் நொக்அவுட் செய்தார். மகாச்சேவை வீழ்த்திய கையைவிடக் கனமான கை எது என்பது இப்போது விளங்குகிறதா? சார்ல்ஸ் ஒலிவேராவை முடிக்க மகாச்சேவுக்கு இரண்டாம் சுற்றும் தேவைப்பட்டது. டொபூரியா 2025 ஜூனில் 2 நிமிடம் 27 விநாடியில் முடித்தார்.

வாவிக்கரையான்:
இந்தக் கணக்கைத்தான் எதிர்பார்த்தேன். அவர் இவரை வென்றார், இவர் அவரை வென்றார், ஆகவே அவர் எல்லோரையும் வெல்வார் என்ற கணக்கு கூண்டுக்குள் ஒருநாளும் சரிவந்ததில்லை. பேர்த்தில் மகாச்சேவ் வென்றார். இரண்டு நடுவர்கள் 48-47, ஒருவர் 49-46 என்று கொடுத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அபுதாபியில், நீங்கள் இருக்கும் ஊரில், அதே வோல்கனோவ்ஸ்கியை முதல் சுற்றிலேயே தலையில் உதைத்து முடித்தவர் மகாச்சேவ். அந்த உதை விழுந்து நான்கு மாதங்களுக்குள்தான் டொபூரியா அவரைச் சந்தித்தார். மகாச்சேவ் அடித்துத் தளர்த்திய மனிதரை டொபூரியா விழுத்தியதை எடுத்துவந்து, மகாச்சேவுக்கு எதிராகவே சான்று காட்டுகிறீர்கள்.

கல்முனைக்கடல்:
தளர்ந்த மனிதர் என்கிறீர்கள். அந்தத் தளர்ந்த மனிதர்தான் 2025 ஏப்ரலில் மயாமியில் டியேகோ லோப்பஸை வென்று பட்டத்தை மீண்டும் எடுத்தார். அபுதாபிச் சண்டைக்கு அவர் இரண்டு வாரங்களுக்கும் குறைவான அவகாசத்தில் அழைக்கப்பட்டவர் என்பதை மட்டும் நீங்கள் ஒருநாளும் எழுதுவதில்லை. 2024 ஒக்டோபரில் நீங்கள் எழுதியதையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. "ஹோலோவேயின் தாடையை எவராலும் உடைக்க முடியாது, ஐந்து சுற்று முடிவில் புள்ளிகளால் வெல்வார்" என்று எழுதிவிட்டு, சண்டை முடிந்ததும் இரண்டு வாரம் காணாமல் போனவர் நீங்கள். தாடையைப் பற்றி உங்களுடைய கணிப்பை இனி யார் நம்புவது?

வாவிக்கரையான்:
நான் காணாமல் போகவில்லை. பெரும்போக வேளாண்மை தொடங்கும் மாதம் அது, வயலில் இருந்தேன். ஹோலோவே அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் முகத்தால் குத்துகளை வாங்கியவர் என்பதை எண்ணிப் பாருங்கள். யூஎஃப்சி வரலாற்றிலேயே அதிக குத்துகளைக் கொடுத்தவர் அவர். அப்படிக் கொடுப்பவர் வாங்கவும் செய்வார். மகாச்சேவ் அவ்வாறு நின்று பரிமாறும் வீரர் அல்லர். அவருடைய பாதுகாப்பு தாடையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. சம்போ என்ற ரஷ்யச் சண்டைக் கலையில் உலகப் பட்டம் வென்றவர், பயிற்சியாளர் அப்துல்மனாப் நூர்மகமெதோவின் கையில் வளர்ந்தவர், அவருடைய மகன் கபீபோடு பயிற்சிப் பாயில் உருண்டவர். கூண்டுக் கம்பியில் எதிராளியின் முதுகைச் சாய்த்து, ஒரு காலை உயர்த்தி, மறு காலைத் தட்டிவிடும் அந்த வித்தைக்கு 155 இறாத்தலில் யாரிடமும் பதில் இருக்கவில்லை. டெல்லா மடலேனாவும் குத்துச்சண்டையில் தேர்ந்தவர்தான். 25 நிமிடத்தின் பெரும்பகுதியை முதுகைத் தரையில் வைத்துக்கொண்டே கழித்தார். முதுகு தரையில் இருக்கும் மனிதனின் குத்தில் கனம் எங்கிருந்து வரும்?

ஆரையூரான்:
டெல்லா மடலேனா மல்யுத்தக்காரர் அல்லர். டொபூரியா சிறு வயதில் கிரேக்க-ரோம மல்யுத்தம் பயின்றவர், தரைப் பிடிச் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டி. பிரைஸ் மிச்சலைத் தரையிலேயே கழுத்துப் பிடியில் முடித்ததை மறந்துவிட்டீர்களா? கைப்பயிற்சி இல்லாதவர்கள் புள்ளிவிபரம் வாசிப்பதில் இதுதான் பிழை.

மருதமுனை நெசவு:
ஆரையூரான் நானா, யார் பயிற்சி பெற்றவர் என்ற பேச்சை இங்கே கொண்டுவராதீர்கள். என் வாப்பா சீனடி என்ற நம் ஊர்த் தற்காப்புக் கலை பழகியவர். அவர் இந்தச் சண்டைகளைப் பார்த்து எவரையும் விடச் சரியாகச் சொல்வார், ஆனால் ஒருநாளும் தன் பயிற்சியைச் சொல்லி மற்றவர் வாயை அடைத்ததில்லை. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். எந்த எடையில் மோதுகிறார்கள்? 145 இறாத்தலில் சம்பியனாக இருந்தவர் 170க்கு ஏறுகிறாரா, அல்லது மகாச்சேவ் 155க்கு இறங்குகிறாரா? இரண்டும் ஒரே சண்டை அல்ல. எடை குறைக்க உடலின் நீரை வற்ற வைக்கும் வீரர் குத்தைத் தாங்குவதும், நிறைந்த உடலோடு வருபவர் தாங்குவதும் ஒன்றாகாது.

ஆரையூரான்:
உங்கள் வாப்பாவை நான் குறைத்துப் பேசவில்லை. சீனடிக்கும் கூண்டுச் சண்டைக்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மருதமுனை நெசவு:
கராத்தேக்கு மட்டும் தொடர்பு உண்டோ?

கல்முனைக்கடல்:
எந்த எடையிலும் தாடை அதே தாடைதான். 170இல் மோதினாலும் 1 நிமிடம் 46 விநாடி அழிந்துபோகாது. தொடர் வெற்றிகளைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். கமாரு உஸ்மான் 15 தொடர் வெற்றிகளோடு, சில்வாவின் 16ஐத் தொட ஒரு நிமிடம்கூட இல்லாத தூரத்தில் நின்றார். 2022 ஓகஸ்டில் லியோன் எட்வர்ட்ஸின் கால் அவர் தலையில் விழுந்தது. புள்ளிகளில் அதுவரை பின்தங்கியிருந்தவர் எட்வர்ட்ஸ். 16ஐத் தொட்ட சில்வாவே 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மனிடம் இரண்டாம் சுற்றில் விழுந்தார். 16 என்பது கவசம் அல்ல.

வாவிக்கரையான்:
உஸ்மானும் சில்வாவும் விழுந்தது மகாச்சேவின் தாடைக்கு எப்படிச் சான்றாகும் என்பதை விளக்குங்கள். சில்வா கைகளைத் தொங்கவிட்டு வைட்மனைக் கேலி செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். மகாச்சேவ் தன் வாழ்நாளில் அப்படி ஒரு விநாடிகூட நின்றதில்லை. டொபூரியாவின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. அவருடைய வலக்கை இன்று உலகில் சிறந்த குத்துகளில் ஒன்று. அந்தக் குத்து விழ வேண்டுமானால் அவர் மகாச்சேவின் உதைகளைத் தாண்டி உள்ளே வர வேண்டும். உயரத்தில் மூன்று அங்குலம் குறைந்தவர், கைநீளமும் சற்றுக் குறைந்தவர், உள்ளே வந்தால் அங்கே காத்திருப்பது பிடி. என் கணிப்பை மாற்றமாட்டேன்: முதல் சுற்றில் டொபூரியா அச்சுறுத்துவார், இரண்டாம் சுற்றிலிருந்து தரையில் இருப்பார், நான்காம் சுற்றுக்குள் கழுத்துப் பிடியில் முடியும்.

கல்முனைக்கடல்:
முதல் சுற்றில் அச்சுறுத்துவார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒவ்வொரு சுற்றும் இருவரும் நின்றுகொண்டேதான் தொடங்கும். ஹூஸ்டனில் மார்டின்ஸுக்கு அதில் 1 நிமிடம் 46 விநாடி போதுமாக இருந்தது. மார்டின்ஸ் டொபூரியாவின் பாதிக்கும் வரமாட்டார்.

ஆரையூரான்:
கீறல் கீறல்தான்.

வாவிக்கரையான்:
ஹூஸ்டனைத் தவிர வேறு ஊர் உங்களுக்குத் தெரியாதா? பொரியேயின் ஐந்து சுற்றுகளைப் பற்றி நான் கேட்டதற்கு இருவரும் இதுவரை ஒரு சொல் எழுதவில்லை. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

மருதமுனை நெசவு:
எடையைப் பற்றி நான் கேட்டதற்கும் மூவரும் பதில் எழுதவில்லை.

கல்முனைக்கடல்:
பொரியே பேர்த்தில் சண்டையிடவில்லை. பேர்த் ஐந்தாம் சுற்றை மறுபடி பாருங்கள், வாவிக்கரையான் அண்ணன். யார் கீழே, யார் மேலே என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.