மறு: ரேடியோ கண்ட்ரோல்ட் கிளாக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

> ‘வானொலிக் கடிகாரம்’ போதுமே, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால், காலையில் பாட்டுப் போட்டு எழுப்புகிற தலைமாட்டுப் பெட்டிதான் எவருக்கும் நினைவுக்கு வரும். நாம் பேசுவது பாடாது; வானொலி அலையில் வரும் நேரத்தைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் அது.

> அப்படியானால் ‘வானொலிக் கட்டுப்பாட்டுக் கடிகாரம்’?

இங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லையே. ஜேர்மனியில் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃபிளிங்கன் என்ற இடத்தில் இருந்து, டிசிஎஃப்77 என்ற நேர ஒலிபரப்பு நிலையம் 77.5 கிலோஹேர்ட்ஸ் நெட்டலையில் (லோங் வேவ்) இரவு பகலாக நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு நொடி தொடங்கும்போதும் அலையின் வலு சற்று நேரம் வெகுவாகக் குறையும். 0.1 நொடி குறைந்தால் 0, 0.2 நொடி குறைந்தால் 1. வழக்கமாக 59ஆவது நொடியில் அந்தக் குறைவு இருக்காது. அடுத்தது புது நிமிடம் என்று அதை வைத்துத்தான் கடிகாரம் கண்டுபிடிக்கிறது. முழு நிமிடமும் இந்த 0, 1 வரிசையைத் தடங்கல் இல்லாமல் கேட்டால்தான் மணி, திகதி, கிழமை எல்லாம் தேறும். கேட்பதும் திருத்திக்கொள்வதும் மணிக்கூட்டின் வேலை.

‘அலைதிருத்திக் கடிகாரம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது அலையைத் திருத்துகிற கருவி போல ஒலிக்கிறது.

ஜேர்மன்காரர் ‘ஃபுங்க்ஊர்’ என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். ஜப்பானியரும் ‘டென்பா டொகேய்’, அதாவது மின் அலைக் கடிகாரம் என்கிறார்கள். இரண்டிலும் கட்டுப்பாடு இல்லை. வெறும் ‘அலைக்கடிகாரம்’ என்றால் நமக்குக் கடல்தான் நினைவு வரும். ஆகவே என் வாக்கு ‘வானலைக் கடிகாரம்’. ஈழத்தவர் ‘வானலை மணிக்கூடு’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

துணைச் சொல் ஒன்றும் வேண்டும்: ‘அலையேற்பு’, அதாவது கடிகாரம் நேர அலையைக் கேட்டுப் பெறுவது. விளக்கக் குறிப்பு எழுதும்போது இது இல்லாமல் முடியாது. பற்றரி போட்டதும் முட்கள் விறுவிறுவென்று ஓடி 12இல் நின்றுவிடும். பழுதென்று நினைத்துப் பொத்தான்களை அமுக்க வேண்டாம், அலையேற்பு நடக்கிறது. தொலைக்காட்சி, கணினிக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சலில் எதுவும் கேட்காது. கம்பி போட்ட கொங்கிரீட் சுவரும் எதிரிதான். யன்னலோரம் வைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், இரவில் அலை நன்றாக எட்டும். இங்கே கோடைகால நேரம் தொடங்கும் மார்ச் கடைசி ஞாயிறு விடிய எழுந்து பார்த்தால் ஒரு மணி முன்னே போயிருக்கும், நாம் ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை.

> ஊருக்கு வாங்கிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். டிசிஎஃப்77 சுமார் 2000 கிலோமீற்றர் வரைதான் எட்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு. லண்டன் அக்காவுக்குக் கொடுத்தால் தொல்லை வேறு மாதிரி. அலை அங்கே எட்டும், ஆனால் ஒரு மணி கூடக் காட்டும். நேர வலயம் மாற்றும் வசதி இல்லாத மணிக்கூட்டைக் கையால் திருத்தி வைத்தாலும், அடுத்த அலையேற்பில் ஜேர்மனி நேரத்துக்கே திரும்பிவிடும். பிரித்தானியாவுக்கு ஆன்தோர்னில் இருந்து 60 கிலோஹேர்ட்ஸில் வரும் எம்எஸ்எஃப் அலையைக் கேட்கிற மணிக்கூட்டை அங்கேயே வாங்குவதுதான் நல்லது.

திரை உள்ள மணிக்கூடுகளில் அலையேற்பின்போது மின்னும் சின்னக் கோபுரப் படத்துக்கு ‘அலையேற்புக் குறி’ என்று போட்டிருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.