நூலக மேசைக்கு இப்போது என்ன தேவையோடு வருகிறார்கள்? பார்த்ததைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

பொது நூலகங்களின் எதிர்காலத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், “இனி யார் புத்தகம் எடுக்கப் போகிறார்கள்?” என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இப்போது நூலகத்துக்குள் நுழைகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? வந்த காரியம் நடக்கிறதா? உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

என் அனுபவம் இது. வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் பகல் பொழுதை நூலகத்தின் கணினிப் பகுதியில்தான் கழித்தேன். விண்ணப்பம் தயார் செய்யவும் அச்செடுக்கவும் போனேன். “இங்கே ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?” என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம். ஒருநாள் பக்கத்துக் கணினியில் ஒரு பெரியவர் ஓய்வூதியப் படிவம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நேரில் போனாராம். “எல்லாம் ஆன்லைன்தான்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் ஒரு பக்கத்தை நிரப்பி முடிப்பதற்குள் நேரம் கடந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நூலகர் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. “அடுத்து என்ன கேட்கிறது, படியுங்கள் ஐயா” என்றார். பெரியவர் கடவுச்சொல் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், ஒப்புகைச் சீட்டு அச்சாகி வெளியே வந்தது.

அந்த முக்கால் மணி நேரம் நூலகத்தின் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது, ஒரு புத்தகமும் இரவல் போகவில்லையே. மற்ற அலுவலகங்கள் தங்கள் கவுன்ட்டர்களை மூடும்போது, அங்கே நின்ற வரிசை கலைந்து போய்விடுவதில்லை, நூலகத்துக்கு வந்து சேர்கிறது. ஆனால் அந்த வேலைக்கான ஆளும் பணமும் கூடவே வருவதில்லை. நான் பார்க்கும் பெரிய மாற்றம் இதுதான்.

நூலகத்தில் பணியாற்றும் உறுப்பினர்

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுகிறேன். நீங்கள் பார்த்தது எங்களுக்கு அன்றாட வேலை. மின்னஞ்சல் கணக்கு திறக்க வேண்டும், கைபேசியில் இருக்கும் படத்தைப் படிவத்தில் ஏற்ற வேண்டும், ஓடிபி வரவில்லை, இப்படித்தான் காலை தொடங்கும். “இந்தக் குறுஞ்செய்தி நிஜமா, மோசடியா?” என்று கைபேசியை நீட்டுகிறவர்கள் நாளுக்கு நாள் அதிகமாகிறார்கள். கூச்சத்தோடு கேட்பார்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டால் திட்டுவார்கள் என்று எங்களிடம் வருகிறவர்களும் உண்டு.

ஒருவர் கேட்பதும் அவருக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இது எங்கள் தொழிலின் பழைய பாடம். ஓர் அம்மா வந்து “சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது?” என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டதும் தயங்கினார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தார். நான் வழக்கறிஞர் இல்லை, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லக் கூடாது. ஆனால் நோட்டீஸில் கெடு தேதி எங்கே இருக்கிறது என்று காட்டலாம். வாடகைதாரர் உரிமைகள் பற்றி எளிய மொழியில் உள்ள கையேட்டை எடுத்துத் தரலாம். இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று தேடிச் சொல்லலாம். அதையெல்லாம் செய்தேன். சட்ட அலமாரியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், வாசகர் கேள்விக்குப் பதில் அளிக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதியிருக்கலாம். அந்த அம்மா வெறுங்கையோடு போயிருப்பார்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை நூலகவியல் படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. அந்த வளர்ச்சியைக் கட்டடமும் அலமாரியும் என்று மட்டும் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மேசைக்கு வரும் தேவைகள் மாறும்போது மேசையும் மாறியாக வேண்டும், எனக்கு அதன் பொருள் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பயிற்சி இல்லாத இடங்களும் உண்டு. தங்க இடமில்லாதவர்கள், மனம் உடைந்து வருகிறவர்கள், வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இலேயே ஒரு முழுநேரச் சமூகப் பணியாளரைத் தன் கட்டடத்துக்குள் அமர்த்தியது. பிறகு அமெரிக்காவின் வேறு பல நகர நூலகங்களும் அதைப் பின்பற்றின. அந்த மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்த நாட்கள் நிறைய.

வாசிப்பறையே கதி என்று இருந்த உறுப்பினர்

நான் தேர்வுக்குப் படித்த காலம் முழுக்க நூலக வாசிப்பறையில்தான். சொந்தப் புத்தகங்களோடு போவேன், இரவல் எடுத்ததே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை, அங்கே படிக்க முடியாது. கதவு திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் காத்திருப்போம். இடம் கிடைக்காதவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பார்கள். அப்படிப்பட்ட நூலகத்தில், இரவல் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி மாலை நேரத்தைச் சுருக்கினார்கள். படிக்கட்டுகூட நிரம்பி வழிந்த இடத்தை யாரும் வராத இடமாக அந்த ஒற்றை எண் மாற்றிவிட்டது. இரவலை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு நாங்கள் கண்ணுக்கே தெரிய மாட்டோம்.

மின்நூல் வாசகர்

வேறொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். “எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டால் கட்டடம் எதற்கு?” என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூலகச் செயலியில் ஒரு மின்நூலுக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். கோப்புதானே, ஆளுக்கொரு பிரதி கொடுத்தால் என்ன என்று நூலகரிடம் கேட்டேன். அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. அச்சுப் புத்தகத்தை வாங்கிவிட்டால் அது நூலகத்தின் சொத்து, கிழிந்து போகும் வரை இரவல் தரலாம். மின்நூலை நூலகம் வாங்குவதே இல்லை, பெரும்பாலும் உரிமம்தான் எடுக்கிறது. ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர். சில உரிமங்கள் இரண்டு ஆண்டில் காலாவதி ஆகும், பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும். 2011இல் ஒரு பெரிய பதிப்பகம், 26 முறை இரவல் போனதும் உரிமம் முடிந்துவிடும் என்று விதி போட்டதாம். தனி வாசகர் தரும் விலையைவிட நூலகம் பல மடங்கு கூடுதலாகத் தர வேண்டியிருப்பதும் சாதாரணமாம்.

அப்படியென்றால் இன்று என் திரையில் தெரியும் நூல் பட்டியல் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பட்ஜெட்டில் கைவைத்தால் பட்டியலே சுருங்கும். அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்துக்கு அந்தக் கவலை இல்லை. அப்புறம், கணினியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. அதன் முதன்மை நூற்பட்டியலே 2024 ஜனவரியில்தான் மீண்டும் இணையத்துக்கு வந்தது. புத்தகங்கள் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தன. தேடி எடுக்கத்தான் வழி இல்லாமல் போயிற்று.

பார்வையற்ற உறுப்பினர்

டிஜிட்டல் எனக்குத் திறந்துவிட்ட கதவைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டுமே. சிறு வயதில் பொது நூலகத்துக்குப் போனால், என்னை அழைத்துப் போனவர் படிப்பார், நான் கேட்பேன். அவருக்கு அலுப்புத் தட்டினால் என் வாசிப்பும் அத்தோடு முடிந்தது. இன்று திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள், உள்ள கணினியில் நானே தேடி, நானே எடுத்துப் படிக்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 2013இல் மராகேஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூலை நாங்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றவும், ஒரு நாட்டில் மாற்றியதை இன்னொரு நாட்டுக்கு அனுப்பவும் வழி செய்த ஒப்பந்தம் அது.

ஆனால் சட்டம் வந்ததும் நூல் கைக்கு வந்துவிடாது. நான் போகும் நூலகத்தில் திரைவாசிப்பான் மென்பொருள் கணினியில் இருந்தும், அதை இயக்கத் தெரிந்த ஒரே பணியாளர் மாற்றலாகிப் போனதும் அந்தக் கணினி மூடியே கிடந்தது. அடுத்து வந்தவர் தானாகக் கற்றுக்கொண்டு திறந்துவிட்டார். அதனால்தான் இங்கே முதல் பதிவில் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். எந்த வசதி வந்தாலும் அதை இயக்கித் தர மேசையில் ஒரு ஆள் வேண்டும்.

அமைதியை விரும்பும் உறுப்பினர்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் பேசுகிறேன். நூலகத்தை இப்படி எல்லாவற்றுக்குமான இடமாக்கினால், படிக்க வருகிறவன் எங்கே போவான்? பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018இல் திறந்த ஊடி நூலகத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசைப்பதிவு அறை எல்லாம் இருக்கின்றன என்று புகழ்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சிறிய நூலகங்கள் அதைப் பார்த்து அலமாரிகளை ஓரம் கட்டிவிட்டு, நடுவில் நிகழ்ச்சி மேடை போடுகின்றன. நான் போகும் கிளையில் மதியம் முழுக்க ஒலிபெருக்கி. பழைய நூல்கள் கட்டுக்கட்டாக மூட்டை கட்டிப் போயின. எனக்கு வேண்டியிருந்த இலக்கணத் தொகுதி ஒன்று அதில் போய்விட்டது, மறுபதிப்பே வராத நூல். அமைதியாக ஓரிடத்தில் அமர்ந்து நீண்ட நேரம் படிப்பதும் மக்களின் தேவைதானே?

நூலகத்தில் பணியாற்றும் உறுப்பினர்

உங்கள் வருத்தம் நியாயமானது. ஊடியில்கூட மேல்தளம் முழுக்கப் புத்தகங்களுக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். சத்தம் வரும் வேலைகளுக்குத் தனித் தளம். நகல் எடுக்கிறவர்கள் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு மேடையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நூல் நீக்கம் பற்றி: சில நூல்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். காலாவதியான மருத்துவ நூலை நம்பி யாராவது மருந்து சாப்பிட்டால் ஆபத்து. திருத்தப்பட்ட சட்டத்தின் பழைய பதிப்பும் அப்படியே. ஆனால் வேறெங்கும் கிடைக்காத நூலை, பல ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழிப்பது தவறு. வேறு நூலகங்களில் பிரதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நேரமும் நூல் தெரிந்த ஆளும் தேவை. கெடு வைத்து அறையைக் காலி செய்யச் சொல்லும்போது அந்தச் சரிபார்ப்புதான் முதலில் கைவிடப்படுகிறது.

ஒரு தாய்

சுருக்கமாக ஒன்று. பிள்ளைக்கு எடுத்த படக்கதைப் புத்தகம் வீட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. தாமதக் கட்டணம் ஏற ஏற, போகவே பயமாக இருந்தது. பிறகு எங்கள் நூலகத்தில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் திரும்பப் போனோம். சிகாகோ பொது நூலகம் 2019இலும் நியூயார்க் பொது நூலகம் 2021இலும் இதைச் செய்தன. கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்களில் ஏழைகளும் குழந்தைகளும்தான் அதிகம் என்று சொன்னார்கள். நான் போனதும் என் மகள் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். நூலகர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தொடக்கப் பதிவிட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், உள்ளே பணியாளர் இருக்க மாட்டார் என்ற முறை டென்மார்க்கில் பரவலாகிப் பிறகு பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்ட அது உதவும், வாசிப்பறையில் படித்தவர் அதை வரவேற்பார். பணியாளர் இருக்கும் நேரத்தைக் குறைக்க அதைக் காரணமாக்கினால் நான் எதிர்ப்பேன். இங்கே எழுதிய பெரும்பாலானோரின் கதையில் ஒரு மனிதர் வருகிறார். நோட்டீஸ் வந்த அம்மாவுக்குத் தானாகத் திறக்கும் கதவு என்ன செய்திருக்கும்?

நூலகரிடம் ஒரு கேள்வி: எங்களைப் போன்றவர்கள் என்ன செய்தால் உங்களுக்கு உண்மையில் உதவும்?

நூலகத்தில் பணியாற்றும் உறுப்பினர்

வாசகர் கருத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். ‘சேவை நன்று’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேதி, என்ன தேவைக்காக வந்தீர்கள், அது முடிந்ததா, முடியாவிட்டால் என்ன குறை, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். சொந்த விவரங்கள் வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்ட தேவைகளைக் கட்டாயம் எழுதுங்கள், அவற்றுக்கு எங்களிடம் வேறு சான்றே இல்லை. நிதி ஒதுக்கீட்டுக்குக் கோரிக்கை அனுப்பும் மாதத்துக்கு முன்பே எழுதினால் அந்தப் பக்கங்களை நகலெடுத்து இணைத்துவிடுவோம்.