ஃபினிஷ் என்பதற்குத் ‘தங்குசுவை’, ‘பின்சுவை’ வேறு

அன்பின் நண்பர்களுக்கு,

வைன் சுவைப்பில் வரும் ‘ஃபினிஷ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டு, நம் கலைச்சொல் குழுவில் இந்த இழையைத் தொடங்கியவன் நான். ஆறு நாளில் ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஐந்தையும் வகுப்புக்குக் கொண்டுபோய், பிள்ளைகளின் வாயில் புழங்கவிட்டுப் பார்த்தபின் பதில் எழுதுகிறேன். உங்கள் மடல் வரிகளை இடையிடையே மேற்கோளாக வைத்திருக்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இந்தச் சொல் வேண்டும் என்பதை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில் பரிமாறும் பணிக்குப் புதிதாக வருபவர்களைப் பழக்குவது என் வேலை. இந்த முறை ஒன்பது பேர். சாம்பல்தீவு, திருக்கடலூர், மூதூர், கிண்ணியா என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள். வைன் அட்டை முழுவதும் ஆங்கிலம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் பொருள் உள்ளே போவதில்லை. போன பருவத்தில் ஒரு விருந்தினர் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி ‘ஃபினிஷ்’ நன்றாக இருக்கிறது என்று சொல்ல, குடித்து முடித்துவிட்டார் என்று எண்ணிய பையன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி வைன் அதில் இருந்தது. அன்று முழுவதும் அவன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிழை அவனுடையது என்று நான் நினைக்கவில்லை. சொல்லைக் கொடுக்காமல் வேலையைக் கொடுத்தது என் பிழை.

இனி விடயத்துக்கு வருகிறேன். வைனை விழுங்கியபின், அல்லது சுவைப்பவர்கள் செய்வதுபோலத் துப்பியபின், வாயில் எது மீந்து, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் அவர்கள் ‘ஃபினிஷ்’ என்கிறார்கள். அந்த நேரத்தை நொடிக்கணக்கில் எண்ணுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒரு நொடிக்கு ஒரு ‘கோதலி’ என்று அலகே வைத்திருக்கிறார்கள். லத்தீனில் வாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது.

> அப்படியானால் ‘வாற்சுவை’ என்றே சொல்லலாமே.

ஐயா, சொல்லின் வரலாறு அழகுதான். ஆனால் தமிழில் வால் என்றதும் குறும்புத்தனம்தான் முன்னால் வந்து நிற்கிறது. வகுப்பில் ஒரு முறைதான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மேசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டிய சொல்லை அவர்கள் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

> ‘முடிப்பு’ போதும். மூலச்சொல்லும் அதைத்தானே சொல்கிறது?

மூலச்சொல் அதைச் சொல்வதுதான் எனக்கு இடைஞ்சல். அந்தப் பையன் கிண்ணத்தைத் தூக்கியதும் அதனால்தான். விழுங்குவது முடிந்துவிட்டது, சுவை முடியவில்லை. முடியாத ஒன்றுக்கு முடிப்பு என்று பெயர் வைத்தால், பிள்ளைகள் மறுபடியும் கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள்.

> ‘எச்சச்சுவை’. எச்சம் என்பது குறளிலும் இலக்கணத்திலும் உள்ள சொல்.

பெயரெச்சம், வினையெச்சம் படித்த நமக்கு அது மதிப்பான சொல். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற வள்ளுவர் வாக்கும் தெரியும். ஆனால் உணவு மேசையில் எச்சம் என்றால் காகமும், அதற்கடுத்து எச்சிலும் நினைவுக்கு வரும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘பின்சுவை’ என்பதற்குத்தான் அதிக வாக்கு. மட்டக்களப்பு அக்கா அதற்காக மூன்று மடல் எழுதிவிட்டார். அக்கா, உங்கள் சொல்லை நான் தள்ளவில்லை. அதற்கு உரிய பொருள் வேறு, அதை அந்தப் பொருளுக்கே காப்பாற்றி வைக்க வேண்டும் என்கிறேன். நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். தண்ணீர் இனிக்கும். கடித்தபோது இருந்தது புளிப்பும் கயரும் (துவர்ப்பு), இப்போது வந்திருக்கும் இனிப்பு புதிது. ‘முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்’ என்று நம் பழமொழி சொல்வது இதைத்தான். முன்பு இல்லாத ஒரு சுவை பின்னால் எழுந்தால் அது பின்சுவை. வாயில் இருந்த சுவையே போகாமல் நிற்பது இன்னொன்று. வைனில் இரண்டும் வருகின்றன. நல்ல சிவப்பு வைனின் பழமணம் விழுங்கியபின்னும் பத்துப் பன்னிரண்டு நொடி நிற்கிறது. கெட்டுப்போன வைனில் சில வேளை, விழுங்கும்போது தெரியாத ஒரு கெட்ட வாடை பின்னால் வந்து சேர்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

ஆகவே நிற்பதைச் சொல்லும் சொல்தான் தேவை. நானே முதலில் ‘நில்சுவை’ என்று எழுதிவைத்தேன். சாம்பல்தீவுப் பக்கம் கள் இறக்கும் பெரியவர் ஒருவர், உடன் கள் வாயில் நிற்காது, வெயில் ஏறிய கள்தான் நிற்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணமும் தெளிவானது. பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. காலையில் சீனிதான் அதிகம். நேரம் போகப்போக மதுவம் (ஈஸ்ட்) சீனியை அற்ககோலாக்குகிறது, கூடவே பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. இனிப்பு விரைவாகக் கரைந்து போகும், புளிப்பு நாவின் ஓரத்தில் இருந்துகொண்டு எச்சில் ஊறச் செய்யும். பெரியவர் எந்த வைன் புத்தகமும் படிக்காமல், இந்த ஒரு பண்பை வைத்தே கள்ளைத் தரம் பிரிக்கிறார். இருந்தாலும் ‘நில்சுவை’ என்று கரும்பலகையில் எழுதியதும், மூதூர்ப் பையன் அதை ‘நில், சுவை’ என்று இரண்டு கட்டளையாக வாசித்தான். அதோடு அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

சொல் கிடைத்தது அடுத்த நாள். பின்புறத் திண்ணையில் நான்கு கிண்ணங்கள் வைத்தேன். ஒரு மலிவான வெள்ளை வைன், ஒரு சிவப்பு வைன், தென்னஞ்சாராயம், பனஞ்சாராயம். நடுவில் ஒரு பித்தளைப் படிக்கம். (இந்தக் குழுவில் முன்பு யாரோ ‘துப்புக்கலம்’ என்று ஆக்கியிருந்தார்கள். வெற்றிலை போடும் வீடுகளில் படிக்கம் இருந்ததே, அதையே எடுத்துக்கொள்வோம்.) மது தொடாத இருவருக்கு நாவற்பழமும், பால் சேர்க்காத கடுந்தேநீரும் வைத்தேன். நாவற்பழத்தை மென்று துப்பியபின், நாக்கு ஊதா நிறமாகி, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும் அல்லவா? சிவப்பு வைன் செய்வதும் ஏறத்தாழ அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் தனின் என்ற கயர்ப்பொருள், எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து அதன் வழுவழுப்பைப் போக்கிவிடுகிறது. அதனால் வாய் வறள்கிறது. கிண்ணியாப் பையன் ஒரு சொட்டு வைன் தொடாமல், கயர் என்ன என்பதை மற்றவர்களைவிடத் திருத்தமாகச் சொன்னான்.

திருக்கடலூர்ப் பிள்ளை வெள்ளை வைனைத் துப்பிவிட்டு, நான் சொன்னபடி வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை விட்டு எண்ணினாள். மூன்று வரை எண்ணியவள் நிறுத்திவிட்டாள். “போய்விட்டது, சேர். தங்கவில்லை” என்றாள். பனஞ்சாராயத்துக்கு முப்பது எண்ணியபின்னும் கையை ஆட்டி, இன்னும் இருக்கிறது என்று காட்டினாள்.

தங்கவில்லை. அதற்குமேல் நான் தேடவில்லை. தங்கிய சுவை, தங்குகின்ற சுவை, தங்கும் சுவை எல்லாம் ‘தங்குசுவை’. ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. ‘தங்குச்சுவை’ என்று எழுதிவிட வேண்டாம். இந்தச் சொல்லிலிருந்து வினைக்குப் போகலாம்: சுவை தங்குகிறது, தங்கவில்லை, நெடுநேரம் தங்கியது. அடைமொழியும் ஏற்கும்: நீண்ட தங்குசுவை, குறுகிய தங்குசுவை, தூய தங்குசுவை. ஒரு கலைச்சொல் அகராதியில் கிடந்து காயாமல் இருக்க வேண்டுமானால், இந்த இரண்டும் வேண்டும். தேநீருக்கும் மீன்குழம்புக்கும்கூட அப்படியே பொருந்தும். ‘மது’ என்ற முன்னொட்டு எதுவும் சேர்க்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

> தங்குவதில் பெரும்பகுதி மணம்தானே? சுவை என்றால் நாக்கோடு நின்றுவிடாதா?

இது தங்குசுவைக்கு வந்த வலுவான மறுப்பு. எழுதியவருக்கு நன்றி. உண்மைதான், விழுங்கியபின் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் மூச்சுத்தான் அந்த மணங்களைக் கொண்டு போகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டால் தங்குசுவையில் பெரும்பங்கு மறைந்துவிடும். கயர் தொடுவுணர்வு. சாராயத்தின் கடுப்பு வெப்பவுணர்வு. மிளகாயின் உறைப்பை நமக்கு உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியைத்தான் அற்ககோலும் தூண்டுகிறது. ஆனால் தமிழில் சுவை என்ற சொல் எப்போது நாக்கோடு நின்றது? நகைச்சுவை என்கிறோம், சுவையான பேச்சு என்கிறோம். இந்தப் பரப்பு முழுவதையும் தாங்கும் அகலம் அதற்கு உண்டு. நாக்கை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘நாச்சுவை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொடுவுணர்வுக்கு ‘வாயூறு’ என்று அதே நண்பர் தந்திருந்தார். ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்ற வரிசையில் ஊறு என்பது தொடுவுணர்வுதான் என்பதால், அந்த ஆக்கம் என்னைக் கவர்ந்தது. ஆனால் வாயூறுதல் என்றால் எச்சில் ஊறுதல் என்றே ஊர் முழுவதும் புரிந்துகொள்ளும். புளிப்பை அளக்க அந்த எச்சில் ஊறலைத்தான் சுவைப்பவர்கள் கவனிக்கிறார்கள். குழப்பம் நேரே அங்கு போய் விழும்.

சங்கப் பாட்டைக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரு சொல். புறநானூறு 56இல் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார் (தேறல் என்றால் தெளிந்த மது). அது முகர்ந்தவர் சொல், மணத்தை முன்னால் வைக்கிறது. 392இல் ஔவையார் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார். தேள் கொட்டினால் வலி அந்தக் கணத்தோடு போவதில்லை, தங்கிக் கடுக்கும். அதியமான் குடியில் வார்த்த தேறலில் அவர் கண்டது தங்குசுவையைத்தான் என்று நான் வாசிக்கிறேன். நாள்பட வைத்த என்று பொருள்படும் ‘நாட்படு’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. மரப்பீப்பாயில் வைத்துப் பழக்குவதற்கு ‘நாட்படுத்தல்’ என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னஞ்சாராயத்தை நாட்படுத்தப் பயன்படும் பீப்பாய்களுக்குப் பேர்போன ஹல்மில்ல மரம், நம் சாவண்டலை. அதற்கு ஆங்கிலேயர் வைத்த வணிகப் பெயரே ‘ட்ரிங்கோமலி வுட்’.

இன்னும் ஒரு மறுப்பு: தங்கு என்றால் விடுதியில் அறை எடுப்பது போல ஒலிக்கிறதாம். ஒலிக்கட்டும். என் பிள்ளைகள் நாள் முழுவதும் கேட்கும் வினை அது. எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டுப் பழகிய வாய்க்கு, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேட்பது எளிது.

நேற்று அவர்களே எழுதிய அட்டைக் குறிப்புகளில் மூன்றைத் தருகிறேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்.

வெள்ளை வைன்: மணத்தில் தேசிக்காய்த் தோல். வாயில் புளிப்பு முன்னால் நிற்கிறது. தங்குசுவை குறுகியது.

சிவப்பு வைன்: நாவற்பழம், சிறிது மிளகு. கயர் நன்றாக உண்டு. தங்குசுவை நீண்டது. கயர் போனபின்னும் மிளகு இருக்கிறது.

பனஞ்சாராயம்: சுட்ட பனம்பழம், பனங்கட்டிப் பாகு. தொண்டையில் கடுப்பு. தங்குசுவை மிக நீண்டது, கடைசியில் இலேசான காறல்.

கிண்ணம் தூக்கிய பையனும் இப்போது இந்த வகுப்பில் எனக்கு உதவி செய்கிறான். மூன்றாவது குறிப்பு அவனுடையது.

அட்டை அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கிறது. தங்குசுவையை ஏற்காதவர்கள் அதற்குள் எழுதுங்கள், மறுப்போடு மாற்றுச்சொல் ஒன்றும் தாருங்கள். வாயில் உணரும் வைனின் கனத்தைக் குறிக்கும் ‘பாடி’ என்பதற்கு ‘திணிவு’ என்று ஒரு பிள்ளை கேட்டாள். பௌதிகப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருப்பதால் நான் தயங்குகிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து