எஸ்விஜி கோப்புகளில் ஸ்கிரிப்ட் வழியாக அவுட்லைன்: நிறம் மாறவில்லை, கோடு கிட்டத்தட்ட நான்கு மடங்கு தடிக்கிறது

கேள்வி

வணக்கம். 240 எஸ்விஜி (வெக்டர் பட) கோப்புகள் இருக்கின்றன, ஸ்டிக்கர் பிரிண்டுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ப் பெயர், எழுத்துகளைப் பாத் (வெளிக்கோட்டு வடிவம்) ஆக மாற்றியாகிவிட்டது, உயரம் 14 மிமீ. மஞ்சள் எழுத்தைச் சுற்றி 0.8 மிமீ மெரூன் கோடு வேண்டும். பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் நூலகம் வைத்து ஒவ்வொரு பாத்துக்கும் ஸ்ட்ரோக் (கோட்டு நிறம்), ஸ்ட்ரோக்-விட்த் (கோட்டுத் தடிமன்) இரண்டையும் தனி அட்ரிபியூட்டாக (பண்பாக) எழுதுகிறேன். விட்த்தில் 0.8 என்ற எண்ணோடு மிமீ அலகையும் சேர்த்தே எழுதுகிறேன். எரர் எதுவும் வரவில்லை. ஆனால் பாதிக் கோப்புகளில் பழைய கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. மீதியில் நிறம் சரி, கோடு 3 மிமீ அளவுக்குத் தடிக்கிறது. ண, ஞ சுழியெல்லாம் அடைந்து ஒரே கட்டியாகிவிட்டது. பக்கம் 210 × 297 மிமீ, வியூபாக்ஸ் (படத்தின் உள் அளவுச் சட்டம்) 0 0 210 297. எங்கே தப்பு?

பதில் 1

இரண்டும் தனித்தனிக் கோளாறு.

நிறம் மாறாத கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பாத்துக்குள் ஸ்டைல் என்று ஒரு அட்ரிபியூட் இருக்கும், அதற்குள் ஃபில் (உள் நிறம்), ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக்-விட்த் மூன்றும் அரைப்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருள் இப்படித்தான் சேமிக்கும். ஸ்டைலுக்குள் இருப்பது எப்போதும் தனி அட்ரிபியூட்டை வெல்லும். நீங்கள் எழுதியது கோப்பில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இல்லஸ்ட்ரேட்டர் கோப்பென்றால் மேலே ஸ்டைல் டேக்கில் கிளாஸ் இருக்கும், அதுவும் தனி அட்ரிபியூட்டை வெல்லும். ஆகவே புது மதிப்பை ஸ்டைல் அட்ரிபியூட்டுக்குள்ளேயே எழுதுங்கள். ஸ்டைலை முழுதாக அழித்துவிட்டு எழுத வேண்டாம். ஃபில்லும் சேர்ந்து போகும், ஃபில் இல்லாத எழுத்து கறுப்பாகத்தான் வரும். அரைப்புள்ளியில் பிரித்து, ஸ்ட்ரோக் சம்பந்தப்பட்டதை மட்டும் மாற்றிச் சேருங்கள்.

தடிமனுக்குக் காரணம் அந்த மிமீ. எஸ்விஜிக்குள் 1 மிமீ என்றால் 3.78 யூனிட், ஏனென்றால் 1 அங்குலம் 96 யூனிட் என்று கணக்கு. உங்கள் வியூபாக்ஸில் 1 யூனிட்டே 1 மிமீ. 0.8 × 3.78 = 3.02 யூனிட், அதாவது பேப்பரில் 3 மிமீ. அலகை எடுத்துவிட்டு வெறும் 0.8 போடுங்கள். வியூபாக்ஸ் 793.7 அகலமுள்ள கோப்பு ஏதாவது கலந்திருந்தால் அதற்கு 3.02 போட வேண்டும். பக்க அகலத்தை வியூபாக்ஸ் அகலத்தால் வகுத்து, 0.8ஐ அந்த விடையால் வகுக்கச் சொல்லி ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் எல்லாக் கோப்புக்கும் பொருந்தும்.

பதில் 2

இதோடு ட்ரான்ஸ்ஃபார்மையும் (வடிவத்தைப் பெரிதாக்கும், நகர்த்தும் அமைப்பு) பார்த்துக்கொள்ளுங்கள். பாத் மேலோ அதன் குரூப் மேலோ ஸ்கேல் 2 இருந்தால் 0.8 கோடு 1.6 ஆகத்தான் அச்சாகும். இங்க்ஸ்கேப்பின் ஐநெக்ஸ் நூலகத்தில் காம்போஸ்டு_ட்ரான்ஸ்ஃபார்ம் என்ற ஃபங்ஷன் எல்லா குரூப்பையும் பெருக்கி ஆறு எண்களாகத் தரும். முதலாவதை நான்காவதால் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவது மூன்றாவதின் பெருக்கலைக் கழித்து, மைனஸ் குறியை நீக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஸ்ட்ரோக் அளவை அதால் வகுத்தால் போதும். அகலமும் உயரமும் வேறு வேறு அளவில் இழுக்கப்பட்ட எழுத்துக்கு மட்டும் இது சரிவராது. அங்கே நிற்கும் கோடு ஒரு தடிமன், படுத்த கோடு ஒரு தடிமன் என்றுதான் வரும். ட்ரான்ஸ்ஃபார்மைப் பாத்துக்குள் கரைத்துவிட்டு ஸ்ட்ரோக் போடுவதுதான் வழி.

கேட்டவர்

நன்றி, நிறமும் அளவும் வந்துவிட்டன. ஆனால் எழுத்து மெலிந்து தெரிகிறது. பெயின்ட்-ஆர்டரில் (ஃபில், ஸ்ட்ரோக் வரையும் வரிசை) ஸ்ட்ரோக்கை முதலில் வைத்துப் பார்த்தேன். மெலிவு போனது, ஆனால் ஒரு எழுத்தின் கோடு பக்கத்து எழுத்தின் மஞ்சள் மேல் ஏறுகிறது.

பதில் 1

ஸ்ட்ரோக் பாத்தின் நடுவில் உட்காரும், பாதி வெளியே, பாதி உள்ளே. 0.8 போட்டால் எழுத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் 0.4 மஞ்சள் போய்விடும். பெயின்ட்-ஆர்டர் அதைத் தடுக்கும், ஆனால் அது ஒவ்வொரு பாத்துக்கும் தனித்தனியாகத்தான் வேலை செய்யும். பின்னால் வரும் எழுத்தின் கோடு முந்தைய எழுத்தை மூடுவது அதனால்தான். போதாக்குறைக்கு எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை.

பிரிண்டுக்கு இரண்டு அடுக்குதான் நம்பகமானது. எழுத்துகள் முழுவதையும் ஒரு குரூப்பில் நகலெடுத்து, நகலின் ஐடிகளை நீக்கிவிட்டுக் கீழே வையுங்கள். கீழ்க் குரூப்புக்கு மெரூன் ஸ்ட்ரோக் 1.6, மேல் குரூப்புக்கு ஸ்ட்ரோக் வேண்டாம். வெளியே தெரிவது சரியாக 0.8.

ஆனால் சுழிக்குள்ளும் அதே 0.8 எல்லாப் பக்கமும் நுழையும். 1.6 மிமீக்குக் குறைந்த ஓட்டை அடைந்துபோகும். ண, ஞ, ஜ, இ வரும் பெயர்களை முதலில் ஓட்டிப் பாருங்கள். அடைந்தால் கீழ் ஸ்ட்ரோக்கை 1.0க்குக் குறையுங்கள், 0.5 கோடும் 14 மிமீ எழுத்தில் தெளிவாகவே தெரியும்.

கேட்டவர்

1.0 வைத்ததில் ண திறந்துவிட்டது. ட, ப மூலைகளில் மட்டும் கோடு கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 2

அது மைட்டர், மூலையைக் கூராக முடிக்கும் இணைப்பு. கீழ்க் குரூப்பின் ஸ்டைலில் ஸ்ட்ரோக்-லைன்ஜாயினை ரவுண்ட் ஆக்குங்கள். பாத்களின் ஸ்டைலில் பழைய மைட்டர் மதிப்பு இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குரூப்பில் எழுதியது இறங்காது.