பின்காற்றில் நேராக ஓடுவதா, திருப்பித் திருப்பி ஓடுவதா? வேகம் அவ்வளவு முக்கியமா?

கொண்டல்_சென்னை:

சென்னைத் துறைமுகத்துக்குள் ஆறு வருடமாக லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வரும் நவம்பரில் முதல் தடவையாகப் பெருங்கடல். 36 அடிப் படகு, நான்கு பேர், கேனரி தீவுகளில் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து செயின்ட் லூசியா வரை. 2,700 கடல்மைல் போல வரும், வழி நெடுக, ஒரே திசையில் நிலையாக வீசும் வியாபாரக் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்துதான்.

படகுக்காரர் இதே வழியில் இரண்டு முறை போனவர். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே விட்டுவிடுவோம், பாயைக் கொஞ்சம் சுருக்கியே வைப்போம், என்ன அவசரம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நேராகப் போகாமல் 25, 30 டிகிரி திருப்பி ஓடி, அப்புறம் ஜைப் அடித்து, அதாவது பாயை மறுபக்கம் மாற்றி, மறுபக்கம் அதே அளவு திருப்பி ஓடினால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று படித்திருக்கிறேன். லேசரில் ஒரே பாய், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தக் கம்பிகளும் கிடையாது, அதனால் அந்த அனுபவம் இங்கே எவ்வளவு உதவும் என்று புரியவில்லை. எது சரி? அப்புறம், நீண்ட பயணம் போகிறவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லையா, அதையும் சொல்லுங்கள்.

விசைக்கணக்கு:

நீங்கள் படித்தது உண்மை. ஆனால் எல்லாக் காற்றுக்கும் அது பொருந்தாது.

நேர் பின்காற்றில் என்ன நடக்கிறதென்றால், படகு வேகமெடுக்க எடுக்கப் பாய்க்குக் கிடைக்கும் காற்று குறைந்துகொண்டே போகும். 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) காற்றில் 6 நாட் ஓடினால் பாய் உணர்வது 9 நாட்தான். விசை காற்றின் வேகத்துக்கு வர்க்கமாக மாறும் என்பதால், 15 நாட்டும் முழுசாக விழுந்தால் கிடைத்திருக்கும் விசையில் 36 சதவீதம்தான் மிஞ்சுகிறது. போதாததற்குப் பெரிய பாய் முன்பாயை மறைத்துவிடும், அது காற்றில்லாமல் தொங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

30 டிகிரி திருப்பினால் காற்று பாயைத் தழுவி ஓட ஆரம்பிக்கும், முன்பாயும் நிரம்பும், வேகம் கூடும். கூடவே தூரமும் 15 சதவீதம் கூடும். ஆக நேராக 6 நாட் ஓடும் படகு திருப்பிய பிறகு 6.9 நாட்டைத் தாண்டினால்தான் லாபம். 20 டிகிரி என்றால் 6.4 போதும். கருவியில் தெரியும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஊரை நோக்கி எவ்வளவு நெருங்குகிறோம் என்பதுதான் கணக்கு. பந்தயக்காரர்கள் விஎம்ஜி என்பது அதைத்தான்.

இப்போது உங்கள் படகுக்கு வருவோம். நீர்க்கோட்டில், அதாவது தண்ணீரைத் தொடும் இடத்தில், நீளம் 30 அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட கனமான படகு 7.3 நாட்டுக்கு மேல் சுலபத்தில் போகாது, தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். 22 நாட் காற்றில் அது நேராகவே 7 நாட் ஓடும். அங்கே 30 டிகிரி திருப்பினால் 8 நாட் எடுத்தாக வேண்டும், எடுக்காது. அதே படகு 8, 9 நாட் இளங்காற்றில் நேராகப் போனால் 4 நாட்டில் தள்ளாடும், திருப்பினால் 5 வரும், அப்போது திருப்பாமல் உட்கார்ந்திருப்பதுதான் நஷ்டம். காற்று குறைந்தால் திருப்புங்கள், பலத்தால் நேராக விடுங்கள்.

அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஓடும் ஏசி75 படகுகள் வேறு ரகம். தண்ணீருக்கு மேலே எழும்பிக் காற்றைவிட வேகமாக ஓடுவதால், காற்று போகும் பக்கம் போகும்போதும் முகத்தில்தான் காற்று அடிக்கும். அவை நேர் பின்காற்றில் ஓடவே ஓடாது.

அலைமகள்:

கணக்கெல்லாம் சரிதான், ஆனால் நேர் பின்காற்றில் படகு எப்படி ஆடும் என்று யாரும் சொல்லவில்லையே தம்பி. நான் அந்த வழியில் போயிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம், ராத்திரி பகல் ஓயாமல், வாரக்கணக்கில். அடுப்பு ஊஞ்சல் மாதிரித் தொங்கும் அல்லவா, அதில் சோற்றுப்பானை மட்டும் நேராக இருக்கும், நாம்தான் இடுப்பைப் பலகையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வோம். தட்டில் சாப்பிட முடியாது, ஆழமான கிண்ணம்தான். அலமாரிக்குள் ஏதோ ஒரு டம்ளர் அலைக்கு ஒரு தடவை டக் என்று இடிக்கும், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கோடு அரை மணி நேரம் தேடி, கண்டுபிடித்துத் துண்டைத் திணித்துவிட்டு வந்து படுத்தால் இன்னொன்று ஆரம்பிக்கும்.

நாங்கள் 15 டிகிரி திருப்பினோம். வேகத்துக்காக இல்லை, தூங்குவதற்காக. பாயில் ஒரு பக்கமாக அழுத்தம் விழுந்தால் ஆட்டம் சட்டென்று அடங்கும், செய்து பார்த்தால் தெரியும்.

ஒன்பதாவது ராத்திரி ஆட்டோபைலட் பிடித்திருந்தது, ஒரு அலை பின்பக்கத்தைத் தள்ளிவிட, காற்று பாயின் மறுபுறம் புகுந்து பூம் (பெரிய பாயின் அடிக்கம்பம்) முழு வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறந்தது. கயிறு ஓடும் கப்பி ஒன்று பிய்ந்து கடலில் விழுந்தது. யாருடைய தலையும் அந்த வழியில் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். மாலையில் பாயைச் சுருக்கும்போது பூம் அப்படி மறுபக்கம் பறக்காமல் பிடித்து நிறுத்தும் பிரிவென்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டாமல் விட்டிருந்தோம்.

மறுநாள் பெரிய பாயை முழுக்க இறக்கிவிட்டு, முன்பாய் இரண்டை இரண்டு பக்கமும் கம்பம் வைத்து விரித்தோம். 6 நாட் 5.5 ஆனது. முழு வழிக்கும் கணக்குப் போட்டால் பதினெட்டே முக்கால் நாள் என்பது இருபதரை நாள் ஆகும். நான் அதற்கு மனதார ஒத்துக்கொள்வேன்.

ஆனால் வேகம் பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. மதியம் 12 மணிக்கு 24 மணி நேரத்தில் ஓடிய தூரத்தைக் குறிப்போம். 131, 128, அப்புறம் ஒரு நாள் 142. அன்றைக்கு அன்னாசி டப்பா ஒன்றைத் திறந்தோம். என்ன அவசரம் என்று காலையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் கேப்டன்தான் அந்தக் குறிப்பேட்டின் முன் முதல் ஆளாக வந்து நிற்பார்.

பின்னலை:

வேகத்தைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போகிறது, அது பாதுகாப்பு. 1968ல் தொடங்கிய, தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், தெற்குப் பெருங்கடலில் பின்னாலிருந்து மலை மாதிரி அலை வரும்போது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கனமான கயிறுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு படகின் வேகத்தைக் குறைத்தார். பெர்னார் முவாத்தேசியே அதற்கு முன்பு ஒரு பயணத்தில் அதே மாதிரிக் கயிறு கட்டிப் பார்த்து, புயல் நடுவில் அதை வெட்டிவிட்டு, அலையை 15, 20 டிகிரி சாய்வாக எடுத்து வேகமாக ஓடித் தப்பியவர். இரண்டு பேரும் பிழைத்தார்கள். படகைப் பொறுத்தது, சுக்கான் பிடிக்கும் கையைப் பொறுத்தது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், சுக்கானுக்குப் பிடிமானம் இருக்கும் அளவு ஓட்டம் எப்போதும் வேண்டும்.

அந்தப் பந்தயத்தில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓட்டிய சுஹைலி மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, உலகைச் சுற்ற 312 நாள் எடுத்தது. 2017ல் பிரான்சுவா கபார் தனி ஆளாக டிரைமரான் என்ற மூன்று உடல் கொண்ட ஒரு பெரிய படகில் 42 நாளில் சுற்றிவிட்டார். அதே 1968 பந்தயத்தில் ஓடிய முவாத்தேசியேவோ வேகமான நேரத்துக்கான பரிசை வாங்கக்கூடிய நிலையில் இருந்தும், முடிவுக் கோட்டுக்குத் திரும்பாமல் தாஹிட்டிக்குப் போய்விட்டார். மூன்று பேருமே என் கண்ணுக்கு முழு மாலுமிகள்தான்.

கொண்டல்_சென்னை:

எல்லோருக்கும் நன்றி. படகுக்காரரிடம் பேசினேன். 10 நாட்டுக்குக் கீழே காற்று இறங்கினால் திருப்பி ஓட ஒத்துக்கொண்டார், ராத்திரியில் மட்டும் வேண்டாமாம், அது நியாயம்தான். கம்பம் இரண்டு இருக்கிறது. பெரிய பாய் ஏற்றியிருக்கும் நேரங்களில் பிரிவென்டரை எப்படிக் கட்டுவது அக்கா? லேசரில் அந்த வேலையே கிடையாது.

அலைமகள்:

பூமின் நுனியில் கட்டு, நடுவில் கட்டாதே. படகு சாய்ந்து பூம் தண்ணீரில் குத்தினால் நடுவில் கட்டிய இடத்திலேயே ஒடிந்துவிடும். நுனியிலிருந்து கயிறு முன்மூக்கு வரை போய், அங்கே ஒரு கப்பி வழியாகத் திரும்பி, சுக்கான் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் இருட்டில் யாரும் முன்னால் தவழ்ந்து போகாமல் அவிழ்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கயிறு, துறைமுகத்தில் இருக்கும்போதே போட்டு வைத்துவிடுங்கள்.