புது டிவி சீசன்ல எதைப் பாக்கலாம், கொஞ்சம் சொல்லுங்க

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். அமெரிக்க நெட்வொர்க் சேனல்ல எல்லாம் செப்டம்பர் கடைசில புது சீசன் ஆரம்பிச்சிடும், எனக்கு ராத்திரி ஒரு மணி நேரம்தான் டைம் கிடைக்குது, அதுலயும் பழைய சீரிஸ் ரெண்டு பாதில நிக்குது, அதை விடவும் மனசு வரல. புதுசா மூணு போதும், ஆனா எந்த மூணுன்னுதான் தெரியல.

பைலட்டை, அதாவது முதல் எபிசோடை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியல. சேனலுக்கு விக்கறதுக்குன்னே எடுக்கறது அது, காசையெல்லாம் அதுலயே கொட்டிடுவாங்க, ஆளாளுக்கு தன் கதையை ஒப்பிச்சிட்டு இருப்பாங்க. நாலஞ்சு எபிசோட் போனாதான் நிஜ முகம் தெரியும், அதுக்குள்ள கேன்சல் பண்ணிட்டா? 2002ல வந்த ஃபயர்ஃப்ளைங்கற சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் 14 எபிசோட் எடுத்து 11தான் அப்போ டிவில வந்துச்சு, அதுவும் வரிசை மாத்தி. நெனச்சா இப்பவும் வயிறெரியுது. ஆனா எல்லாரும் முடியட்டும் மொத்தமா பாத்துக்கலாம்னு இருந்தா ரேட்டிங் வராம நல்ல சீரிஸும் போயிடும், அதனால நான் வாரா வாரம் பாக்கற கட்சி.

நீங்க எத்தனை எபிசோட் வரைக்கும் பொறுத்துப் பாப்பீங்க? டிரெய்லரை விட்டுட்டு ஷோரன்னர் (சீரிஸை மொத்தமா பொறுப்பெடுத்து நடத்தறவர்) முன்னாடி என்ன பண்ணிருக்காருன்னு பாத்து எடுக்கறது சரியா வருமா? வாரம் ஒரு கேஸ் முடியற போலீஸ் கதை எனக்கு வேணாம், குடும்பக் கதை, சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரெண்டும் ஓகே. பேரை மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க, ஏன்னும் ஒரு வரி சொல்லுங்க ப்ளீஸ்.